வீடு பார்க்க வந்த அம்மா

இனிமேல் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று ஷர்மினி முடிவு செய்திருந்தாள். பட்டது போதும்.

முதல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அம்மா சரளாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் பஸ் ஏறுவதற்குள் செய்தி சிலிபின் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. இடம் கிடைக்கவில்லை என்றதும் அதுவும் பரவியது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா, "பரவால்ல தங்கச்சி, ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்களாம், கேட்டுப் பாக்கவா?" என்றாள். இரண்டாவது அலுவலகத்திலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் பேசியவர் அவளுடைய மதிப்பெண்களைத் திரும்பியே பார்க்கவில்லை. "அப்பா என்ன செய்கிறார்? எந்தத் தோட்டம்?" என்று கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் லோயர் ஆகிவிடலாம் என்றுதான் குடும்பமே நினைத்திருந்தது. அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள், அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளே அவள்தானே. பட்டத்துக்குப் பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். சேம்பரிங் என்பார்கள். யாராவது ஒருவர் 'வா' என்றால்தான் அது நடக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமாவோ சித்தப்பாவோ 'வா' சொல்வார். ஷர்மினியின் மாமா கோப்பெங்கில் ஒரு பட்டறையில் லோரிகளுக்கு எண்ணெய் மாற்றுகிறார். கோலாலம்பூர்ப் பெரிய நிறுவனங்கள் பதிலே போடவில்லை. ஈப்போவில் நீதிமன்ற வழக்கு நடத்துகிற, ஆள் தேடுகிற அலுவலகங்களில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது பஞ்சலிங்கம் என்பவருடைய அலுவலகம். அங்கிருந்து வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் கோயில் வாசல் அக்காவிடம்தான் போய் நிற்க வேண்டும்.

வரச் சொன்னதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"கூப்புட்டதுகூட தப்பாலா?" என்றான் தர்மா. கூடப் படித்தவன். ஏற்கெனவே வேறோர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தான். சிலிபின் காப்பிக் கடையில் அவளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கிவிட வந்திருந்தான்.

"யாழ்ப்பாணத்து ஆளுங்க ஆபீஸ்டா. அவங்க தாத்தா தோட்டத்துல கணக்கெழுதற கிராணியா நாற்காலியில ஒக்காந்து பேர் கூப்புட்டவரு. எங்க தாத்தா விடியக்காத்தால பெரட்டு வரிசையில நின்னு 'ஐயா'ன்னவரு. அந்தப் பேத்திய மேல கூப்புட்டு நாற்காலி போடுவாங்களா? ஏதோ இருக்கு."

"எனக்கு இதெல்லாம் தெரியாது மச்சான். எனக்குப் பயிற்சி குடுக்கற மாஸ்டர் சீனரு. அவருக்குக் கிராணியும் தெரியாது, பெரட்டும் தெரியாது. சட்டைய இஸ்திரி போட்டியான்னு மட்டும் பாப்பாரு."

"மச்சான்னு கூப்புடாத."

"சரிங்க மேடம். கேள்வி. ஏன் ஈப்போ? கேஎல் ஏன் போகல?"

ஷர்மினி முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பெரிய நிறுவனத்தில் ஒன்பது மாதமும் மூலையில் உட்கார்ந்து தாள் அடுக்க வேண்டியிருக்கும், ஈப்போவில் பயிற்சிக்காரர்களே தினமும் நீதிமன்றத்துக்குள் நிற்கலாம், தான் நிற்க விரும்புவது அங்கேதான் என்றாள்.

"மனப்பாடம் பண்ணது நல்லாத் தெரியுது. மறுக்கா சொல்லு, கொஞ்சம் தடுமாறு." தர்மா தே தாரிக் தேநீரை உறிஞ்சினான். "இந்த ஊரு லோயருங்களுக்கு ஒரே பயந்தான். சொல்லிக் குடுத்து ஆளாக்கினதும் ஓடிப்போயிருவாங்கன்னு. பஞ்சலிங்கத்துக்கு வரிசையா அப்படித்தான் ஆச்சாம். அதனால நல்லா விசாரிச்சுட்டுத்தான் எடுப்பாராம். இது ஈப்போ. இன்டர்வியூ ஆபீஸ்லயா ஆரம்பிக்கும்? நீ பாசார்ல மீன் வாங்குறப்பவே ஆரம்பிச்சிரும்."

ஷர்மினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் ஒருவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஊரே அவளுக்கு உளவாளியாகிவிட்டது. மளிகைக் கடையில் "எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்ட கிழவர் யார் அனுப்பிய ஆள்? மோட்டாரில் போகிறவன் ஏன் வேகத்தைக் குறைக்கிறான்? யார் என்ன என்று தெரியாததால் எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைத்தாள். சிரித்துப் பழக்கமில்லாத முகம். கன்னம் வலித்தது.

புதன்கிழமை நூலகத்திலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கூடத்து மேசையில் நல்ல கப்புகள் இருந்தன. தீபாவளிக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிற, தங்கக் கோடு போட்ட கப்புகள். சரளா விடியற்காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கடைகளில் போட்டுவிட்டு வந்தால் பிறகு நாள் முழுக்க நைட்டிதான். அன்று பட்டுக்கரைச் சேலையில் இருந்தாள்.

"யாரு வந்தா?"

"யாரு வந்தா? யாரும் வரல."

"அப்ப இந்தக் கப்பு?"

"தூசியா இருந்துச்சு, கழுவுனேன். கப்பைக்கூட கழுவக் கூடாதா?"

சமையலறையில் ஒரு பை ஆரஞ்சும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. அப்பா ஐயாவு பின்கதவுப் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய வெள்ளைத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிம்பாங் பூலாய் கல்லுமலையில் லோரி ஓட்டுகிறவர். பொய் அவர் வாயில் நிற்காது.

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா," என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"அப்பா."

"ஒரு அம்மா வந்தாங்க. காடியில, அவங்களே ஓட்டிக்கிட்டு. பழம் வாங்கிட்டு வந்தாங்க. நல்ல மரியாதையான பேச்சு. உன்னைப் பத்தித்தான் கேட்டாங்க. எப்படிப்பட்ட புள்ள, இந்த ஊருலயே இருக்குமா, என்ன யோசனையில இருக்கீங்கன்னு. நான் பின்னால வந்துட்டேன், மத்தத உங்கம்மாகிட்ட கேளு."

ஷர்மினிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே தன் ஃபோட்டோவை அம்மா யார் யாருக்கோ வாட்சப்பில் அனுப்பிக்கொண்டிருப்பதை அவள் கவனித்திருந்தாள். இப்போது ஆள் வீட்டுக்கே வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாம மாப்ள பாக்கறீங்களா?"

"நான் ஒன்னும் தேடிப் போகல," என்றாள் சரளா. இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் முகம் பூரித்துவிட்டது. "அவங்களாத்தான் வந்தாங்க. பேச்ச கேக்கணுமே, யாழ்ப்பாணத்துத் தமிழு. நமக்கு அப்படி ஒரு எடம் அமையுமா?"

"பையன் யாரு?"

"அதெல்லாம் சொல்லல."

"பேரு?"

"சொல்லல. பெரிய எடத்துல மொதல்ல ஒரு ஆள வுட்டு வீட்டப் பாப்பாங்க. பையன் பேச்செல்லாம் அப்புறந்தான். ஒனக்கென்ன தெரியும்?"

"நீங்க என்ன சொல்லி வச்சீங்க?"

"நல்லதத்தான் சொன்னேன். உள்ளதச் சொன்னா எவன் வருவான்?"

மறுநாள் நேர்முகத் தேர்வு இல்லையென்றால் ஷர்மினி அந்த வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சலிங்கம் நடத்திய வழக்குகளின் தீர்ப்புகளை விட்ட இடத்திலிருந்து படித்தாள். வெளியே அம்மா ஆரஞ்சு உரிக்கும் வாசனை வந்தது. பஞ்சலிங்கம் என்ற பெயரையோ மறுநாள் தேர்வையோ அவள் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

*

பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அலுவலகம். மரப்படி. மேலே ஏறியபோது பஞ்சலிங்கத்தின் அறைக்கதவு திறந்தது. அவள் வயதுள்ள ஒருவன், காலில் பளபளக்கும் சப்பாத்து, வெளியே வந்தான். பின்னால் வந்த பஞ்சலிங்கம் அவன் தோளில் கை வைத்து, "திருக்குமரன், அப்பாவைக் கேட்டதாச் சொல்லும்," என்றார்.

'முடிஞ்சுது,' என்று ஷர்மினி நினைத்தாள். 'நான் வந்தது வரிசை நிரப்ப.'

ஆனால் உள்ளே நடந்தது வேறு. அவருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அவள் எழுதி அனுப்பியதை வரிவரியாகப் படித்திருந்தார் என்று தெரிந்தது. கேள்விகள் நேராக வந்தன. நீதிமன்றத்தில் நிற்கிறாய், உன் சாட்சி வரவில்லை, நீதிபதி எரிச்சலில் இருக்கிறார், என்ன செய்வாய்?

"சாட்சி வரலைன்னு சொல்வேன் சார்."

"அவ்வளவுதானா?"

"கதை கட்டினா நாளைக்கு நான் நெஜத்தைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்."

அவர் தலையாட்டினார். ஏன் ஈப்போ என்று கேட்டார். ஷர்மினி மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார். ஒரு கட்டத்தில் அவளுக்கே, 'கிடைத்துவிடுமோ' என்று தோன்றியது.

பஞ்சலிங்கம் கோப்பை மூடினார். தமிழுக்கு மாறினார்.

"எல்லாம் திருப்திதான். ஆனா டிசம்பருக்குப் பிறகு உம்மை எங்க தேடுறது?"

"புரியல சார்."

"கலியாணம் முடிச்சுச் சிங்கப்பூர் போற பிள்ளைக்கு நான் ஒன்பது மாசம் சொல்லிக் குடுத்து என்ன? வேலையையும் விட்டிடுவீராமே."

இதுதான். இதற்குத்தான் கூப்பிட்டார்கள். அவள் முகம் சுட்டது. "இப்ப வெளிய போனாரே, அவர்கிட்டயும் இந்தக் கேள்விய கேட்டீங்களா? எப்ப கல்யாணம், எப்ப வேலைய விடுவீங்கன்னு?"

"அவர்கிட்ட கேக்கத் தேவையில்லை. அவங்க குடும்பத்தை எனக்குத் தெரியும்."

"எங்க குடும்பத்த?"

"தெரியாது. அதனாலதான் ஆள் அனுப்பினேன். நானாக் கற்பனை பண்ணலை பிள்ளை, உம்முடைய அம்மா சொன்னது." அவர் மேசை மணியை அழுத்தினார். "அன்னபாக்கியம்!"

அலுவலகத்தின் தலைமைக் கிளார்க் உள்ளே வந்தார். மொரமொரப்பாக மடிப்பு வைத்த பருத்திச் சேலை. ஷர்மினியைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார். "பிள்ளை வந்திட்டீரோ? அம்மா சுகமா? நேத்து கோப்பி அருமை."

ஷர்மினியின் கண்முன் தங்கக் கோடு போட்ட கப்புகள் வந்து நின்றன.

"நீங்க... பழம்..."

"வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதா? அதுதான் வாங்கினேன். ஆபீஸ் பேரை மட்டும் சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார்."

"சொன்னா எல்லாரும் நல்லதே சொல்லுவாங்க," என்றார் பஞ்சலிங்கம்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ஷர்மினி. குரல் அவளுடையதாகவே இல்லை.

அன்னபாக்கியம் பஞ்சலிங்கத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். பிள்ளை படித்தது சும்மா ஒரு பெருமைக்குத்தான். கல்யாணம் ஆனதும் விடச் சொன்னால் வேலையை விட்டுவிடும். கோர்ட்டில் நின்று கத்துவதெல்லாம் அதற்குப் பிடிக்கவே பிடிக்காது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. கிள்ளானில் ஒரு டாக்டர் வீட்டில் கேட்டிருக்கிறார்கள், சிங்கப்பூர் இன்ஜினியர் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள், டிசம்பருக்குள் ஏதாவது ஒன்றை முடித்துவிடுவோம்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது என்ற இடத்தில் பஞ்சலிங்கத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

டாக்டராவது, இன்ஜினியராவது. இதுவரை அந்த வாசலில் ஒருவரும் வந்து கேட்டதில்லை. ஆனால் வீடு பார்க்க வந்தவர்களிடம் எந்தத் தாய் அதைச் சொல்வாள்? வேறு யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தால் வந்தவர்களுக்கு இளப்பமாகிவிடும், இழுத்தடிப்பார்கள். அதனால் இரண்டு இடமாவது கேட்டுவிட்டதாகச் சொல்லியாக வேண்டும். ஒன்று உள்நாடு, ஒன்று வெளிநாடு. சரளா முறைப்படிதான் செய்திருக்கிறாள். ஆள்தான் மாறிவிட்டது.

விளக்கம் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சியையே கூப்பிட வேண்டியதுதான். ஷர்மினி கைப்பேசியை எடுத்தாள். அம்மாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, பஞ்சலிங்கத்தின் மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, சிங்கப்பூர் இன்ஜினியர் யாரு?"

"ஏண்டி, அவங்க போன் போட்டாங்களா?" சரளாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது. "புடிச்சிருக்காமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. யாரு அந்த இன்ஜினியர்?"

"எந்த இன்ஜினியர்? அப்படி ஒருத்தன் இருந்தா நான் ஏண்டி அந்தக் கிராணி வூட்டு அம்மாவுக்கு நல்ல கப்புல கோப்பி ஊத்தறேன்?"

அன்னபாக்கியம் கூரையிலிருந்த காற்றாடியை அண்ணாந்து பார்த்தார்.

"டாக்டர்?"

"டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. சும்மா சொன்னேன். அப்பத்தான நமக்கும் ஒரு மதிப்பு. நீ எங்க இருக்க? ஏன் கொரல் ஒரு மாதிரி கேக்குது?"

"நான் வேலைய விட்டுருவேன்னு ஏன் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? அது வீட்டுலயே வாயாடும், கோர்ட்டுக்குப் போனா இன்னும் வாயாடும்னா? அத அப்புறமா அவங்களே தெரிஞ்சுக்கட்டும்."

ஷர்மினி அழைப்பைத் துண்டித்தாள். பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தோள் குலுங்கியது. அவர் சிரிப்பது தெரிந்தபோது அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது.

"எங்கம்மா சொன்னது புளுகுதான் சார். ஆனா பேரு சொல்லாம, பழத்தோட ஒரு அம்மா வந்து பொண்ணைப் பத்திக் கேட்டா எங்க வீட்டுல வேற என்னன்னு நெனப்பாங்க? அத வுடுங்க. நான் கேக்கறது வேற. எங்க வீட்டுக்கு ஆள் வந்துச்சு. அவர் வீட்டுக்குப் போகல. ஏன்? அவர் ஓடிப்போக மாட்டாருன்னு அவங்கப்பாவோட மூஞ்சியில எழுதியிருக்கா? இதுக்கு முன்ன ஓடிப்போனவங்க எல்லாம் தெரிஞ்ச வீட்டுப் புள்ளைங்களா, தெரியாத வீட்டுப் புள்ளைங்களா?"

சிரிப்பு நின்றது.

"அனுப்பினா ரெண்டு வீட்டுக்கும் அனுப்புங்க. இல்லன்னா யார் வீட்டுக்கும் அனுப்பாதீங்க."

"சொல்லி அனுப்புறேன்," என்றார் பஞ்சலிங்கம்.

அந்த வார்த்தையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். மரப்படியில் வேகமாக இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான், தான் நன்றிகூடச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

*

வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் போட்டு உடைத்தாள். சரளா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப மாப்ளயே இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா! வேலை! என் வேலை! அதத்தான் நீங்க—"

"நீ ஏண்டி மொதல்லயே சொல்லல, இன்டர்வியூ இருக்குன்னு?"

அதற்கு ஷர்மினியிடம் பதில் இருந்தது. ஆனால் கோயில் வாசல் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை. ஐயாவு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பக்கமும் பார்க்காமல், மிச்சமிருந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு காடி நின்றது. ஷர்மினி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அன்னபாக்கியம். கையில் பழப்பை.

சரளா கம்பிக்கதவு வரை போனாள். பூட்டைத் திறக்கவில்லை.

"இருங்க. மொதல்ல ஒன்னு சொல்லுங்க. வேலைக்கா, கல்யாணத்துக்கா?"

"வேலைக்குத்தான்."

"யாரு அனுப்புனா?"

"லோயர் பஞ்சலிங்கம்."

"இன்னிக்குப் பேரச் சொல்லலாமா?"

"சொல்லலாமாம்." அன்னபாக்கியம் வெயிலில் கண்ணைச் சுருக்கினார். "இன்னொன்று. நாங்க கிராணி வீடு இல்லை. எங்க அப்பப்பா ரயில்வே."

சரளா நாக்கைக் கடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தாள். இந்த முறை சாதாரணக் கப்பில்தான் கோப்பி வந்தது.

"வெள்ளிக்கிழமை சார் என்னைத் திருக்குமரன் வீட்டுக்கும் அனுப்பினார்," என்றார் அன்னபாக்கியம். "பேர் சொல்லாமத்தான். பழத்தோடதான். அந்தம்மாவும் என்னை முன்னம் கண்டதில்லை, கலியாணம் பேச வந்த ஆள் என்றுதான் நினைச்சா. ஆல்பத்தையே கொண்டு வந்து மடியில வச்சிட்டா. மகனுக்கு லண்டன்ல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்காம், ஈப்போல எல்லாம் இருக்க மாட்டானாம், பெண்ணையும் அங்க கூட்டிக்கொண்டு போயிடுவானாம்."

"அதுவும் புளுகாத்தான் இருக்கும்," என்றாள் ஷர்மினி. நின்ற இடத்திலிருந்து அவள் நகரவில்லை.

"அப்படித்தான் நானும் சொன்னேன். சார் நேரா அவங்கப்பாவுக்குப் போன் போட்டார். புளுகில்லை. அடுத்த வருஷம் போறானாம். சாரிடம் சொல்லாமத்தான் வச்சிருந்திருக்கினம்." அவர் கோப்பியை ஊதினார். "பிள்ளை நாளைக்குக் காலையில வரட்டாம். மாச முதல்லேர்ந்து பயிற்சி."

ஐயாவு எழுந்து நின்றுவிட்டார். பிறகு, நின்று என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

ஷர்மினி மட்டும் விடவில்லை. "அவன் இல்லைங்கறதாலதான் என்னைக் கூப்புடறாரா?"

"ஓம்," என்றார் அன்னபாக்கியம் தயங்காமல். "பாதி அது."

"மீதி?"

"அதை அவரிடம் கேளும்."

"கேப்பேன்."

"கேப்பீர் என்று அவருக்கும் தெரியும். நேத்துலேர்ந்து பதில் யோசிச்சுக்கொண்டிருக்கார்."

ஷர்மினி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு அவர் என்ன சொன்னாலும் அதை அப்படியே நம்பப் போவதில்லை. ஆனால் போவாள். இஸ்திரி போட வேண்டும், அந்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் ஒரு கறை இருந்தது, அதைத் துவைக்க வேண்டும்.

சரளா பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உருட்டிப் பார்த்தாள். மகளின் முகத்தை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நாற்காலியை அன்னபாக்கியத்தின் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஏக்கா," என்றாள் மெல்ல, "லண்டனுக்குப் போற அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்?"